மடிக்கணினி விலைக்குள் ஒளிந்திருக்கும் உரிமக் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினியை மாற்றிவிடலாமா என்று யோசிப்பவர்கள் பலர். அவர்களில் ஒருவர் கடைக்குப் போய், தமக்குப் பிடித்த மாடலையே விண்டோஸ் இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இயங்குதளத்துக்காகத் தாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையும் ரசீதைப் பார்த்து அவர் அறிய முடியாது.

தயாரிப்பாளர்களுக்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் புதிதன்று. டெல், லெனோவோ, எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇ ஆகிய நிறுவனங்கள் சர்வர்களை ரெட் ஹாட், சூசே, உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளோடு சோதித்துச் சான்றளித்தே விற்கின்றன. இயங்குதளமே வேண்டாம் என்றாலும் தருகின்றன. வங்கிக்கும் தரவு மையத்துக்கும் உள்ள இந்த உரிமை, வீட்டுக்கு ஒரு கணினி வாங்குபவருக்கு மட்டும் ஏன் இல்லை?

விண்டோஸோடு சேர்த்தே கணினியை விற்கும் பழக்கத்தின் வேர் பழையது. ஒரு கணினியில் தன் மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கும் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்தும்படி தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் செய்திருந்த ஒப்பந்த முறைக்கு, 1994-இல் அமெரிக்க நீதித்துறையுடன் ஏற்பட்ட உடன்பாடு தடை விதித்தது. 2007 பிப்ரவரியில் டெல் வாடிக்கையாளர்களிடம் யோசனை கேட்டபோது லினக்ஸ் வேண்டும் என்ற குரலே ஓங்கி ஒலித்தது. அவ்வாண்டு மே மாதமே உபுண்டு நிறுவிய கணினிகளை அந்நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. ஆனாலும் அத்தகைய கணினிகள் இன்றுவரை நிரலாளர்களுக்கான தனி வரிசையாக, இணையத்தில் தேடிப் பிடிக்க வேண்டியவையாகவே இருக்கின்றன.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் செல்லவில்லை. விண்டோஸை ஏற்காத வாடிக்கையாளருக்கு அதன் தொகையை எச்பி திருப்பித் தர வேண்டும் என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. மென்பொருளோடு சேர்த்தே விற்பது அதனாலேயே முறையற்ற வணிகமாகிவிடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல், சோனி தொடர்பான வழக்கில், தீர்ப்பளித்தது. பின்னது எனக்கு உவப்பானதன்று.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு கேட்டால் முடிகிறது; ஒன்று மட்டும் வாங்கும் குடிமகன் கேட்டால் முடிவதில்லை.

ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நுகர்வோரைக் கட்டாயப்படுத்துவதை நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. மடிக்கணினிக்கு இவ்விதி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, முதற்கட்டமாக, இயங்குதள உரிமத்தின் விலையை ரசீதில் தனியே காட்டுமாறு தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.