பைடம்மாவா, ப்ரிஷாவா?

டேய் முரளி,

தாத்தாவாகிவிட்டேன். வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நீ ஒதுங்கிக்கொண்டாய், அதனால் நானே எழுதுகிறேன். பெண் குழந்தை, சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம். மூக்கு எங்கள் பக்கம், நிறம் அவர்கள் பக்கம், பிடிவாதம் என் மனைவி பக்கம் என்று பாகப்பிரிவினையும் முடிந்துவிட்டது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குண்டு இன்னும் அந்த லேகியத்தை எல்லார் தலையிலும் கட்டிக்கொண்டிருக்கிறானா? வாங்காதே, அவ்வளவுதான் சொல்வேன்.

விஷயம் என்னவென்றால், குழந்தைக்குப் பெயர் வைப்பதில் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. இங்கே ஆந்திராவில் பாரசாலா என்று தொட்டில் போட்டுப் பெயர் வைப்பார்கள், 21ஆம் நாள். தட்டில் அரிசியைப் பரப்பி, அப்பன்காரன் மோதிரத்தால் அதில் பெயரை எழுதவேண்டும். என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. உத்திரம் மூன்றாம் பாதம், 'பா'வில் தொடங்கட்டும் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். என் மகள் போனில் தேடி ப்ரிஷா என்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் பாட்டி இருக்கிறாரே, எண்பதைத் தாண்டியவர், விஜயநகரத்துக்காரர் (ஹம்பி விஜயநகரம் இல்லைடா, விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, நம் பாடகி பி. சுசீலாம்மா பிறந்த ஊர்), அவர் தன் ஊர் அம்மன் பைடிதல்லி பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். 'பா' என்றால் ஒருத்தி 'ப்ர' என்கிறாள், இன்னொருவர் 'பை' என்கிறார், புரோகிதர் இரண்டுக்கும் தலையாட்டுகிறார். தட்சணை இரண்டு பக்கமும் வரவேண்டுமே.

ப்ரிஷா என்றால் கடவுளின் பரிசு என்று போட்டிருக்கிறதாம். எந்தச் சொல்லிலிருந்து அந்தப் பொருள் வந்தது என்று கேட்டேன், "அப்பா, போட்டிருக்கு" என்றாள். நீயே தேடிப் பார், இந்த மாதிரிப் பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு லட்சுமி, துர்க்கை, கடவுளின் பரிசு, சூரிய ஒளி என்று இதே நாலைந்து பொருளைத்தான் மாற்றி மாற்றி ஒட்டியிருப்பார்கள். சமஸ்கிருதம் மாதிரி காதில் விழுந்தால் போதும். இப்போது இங்கே எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் மோக்ஷித், ஜஷ்விகா, சஹஸ்ரா, ஸ்ரீயான்ஷ் என்றுதான் அம்மாக்கள் கூப்பிடுகிறார்கள். நம் ஊரிலும் அதே கதைதான், மறுக்கவில்லை.

பைடி என்றால் தெலுங்கில் பொன். நம் பசும்பொன்னில் ஒரு 'பசு' இருக்கிறதல்லவா, அந்த வேர்தான் பசிடி ஆகி, பைடி ஆகியிருக்கிறது. ஆக, பைடிதல்லி என்றால் பொன்னம்மா. பொருள் உள்ள பெயர்தான் வேண்டும் என்று ராத்திரியெல்லாம் போனைத் தேய்க்கிற பெண்ணுக்கு, வீட்டுக் கிழவி பொன்னையே எடுத்து நீட்டுகிறாள், அது 'ஓல்டா இருக்கு' என்கிறாள்!

அந்த அம்மனுக்கு ஒரு கதை உண்டு. பைடிதல்லி விஜயநகரம் ராஜாவின் தங்கையாம். 1757இல் பொப்பிலிக் கோட்டைப் போர் நடந்ததே, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி துணைக்கு வர விஜயராம ராஜு கோட்டையைப் பிடித்தார், அதற்குப் பழியாக தாண்ட்ர பாபராயுடு அவரைக் கூடாரத்துக்குள் புகுந்து கொன்றான், அந்தப் போர்தான். அண்ணன் செத்த துக்கத்தில் தங்கை உயிரை விட்டாள், பிறகு ஊர்ப் பெரிய ஏரியிலிருந்து சிலையாகக் கிடைத்தாள் என்று சொல்கிறார்கள். விஜயதசமி கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை சிரிமானு திருவிழா. வண்டியிலிருந்து சாய்வாக மேலே நீண்டிருக்கும் பெரிய மரத்தின் நுனியில் பூசாரியை உட்கார வைத்து, கோயிலுக்கும் கோட்டைக்கும் நடுவே மூன்று முறை இழுத்துப் போவார்கள். கீழே நின்று பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும், அவர் மேலே சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். இந்த அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவர்கள்தான் பைடிராஜு, பைடிநாயுடு, பைடய்யா, பைடம்மா எல்லாரும். நம் பாட்டியும் பைடம்மாதான். அதாவது அவர் கேட்பது தன் பெயரையே! அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், எல்லாம் அம்மன் பெயரில் நடக்கிறது.

இதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கடிதமே. இத்தனை வருஷம் இந்த ஊரில் வேலை பார்த்தேன், கூட இருந்தவர்களில் பாதிப்பேர் அப்பலராஜு, அப்பலநாயுடு, அப்பலசுவாமி, அப்பன்னா. ஏதோ அப்பளம் மாதிரி இருக்கிறதே என்று நீ கூட இங்கே வந்தபோது சிரித்தாய். அதெல்லாம் சிம்ஹாசலம் மலைமேல் இருக்கிற வராக நரசிம்மர். ஜனங்கள் அவரைச் செல்லமாக அப்பன்னா என்பார்கள், வருஷம் முழுக்கச் சந்தனத்தால் மூடியிருப்பார், அட்சய திருதியை அன்றைக்கு மட்டும்தான் நிஜ உருவம். சிம்ஹாசலம் என்றே ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அனகாபல்லி பக்கம் நூகராஜு, நூகரத்னம் என்றால் நூகாலம்மா என்கிற அம்மன். ஆக, ஒருவர் பெயரைச் சொன்னாலே அவர் குடும்பம் எந்த மலையடிவாரம், எந்த ஏரிக்கரை என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

சொல்லிப் பார்க்கவும் செய்கிறேன், சும்மா இருக்க முடியவில்லை. அபார்ட்மெண்டில் புதிதாக வந்த வாட்ச்மேன் பெயர் பெஞ்சலய்யா, "நெல்லூரா?" என்றேன், ஆடிப்போய்விட்டான். பெஞ்சலகோனாவில் இருக்கிற நரசிம்மர்தான் பெஞ்சலய்யா ஆனார். கோடேஸ்வர ராவ், கோட்டய்யா என்றால் நரசராவுபேட்டை கோட்டப்பகொண்டா சிவன் கோயிலை நினைக்கலாம். ஓபுல்ரெட்டி, ஓபுலேசு என்றால் ராயலசீமை, அஹோபிலம் நரசிம்மர். வீர வெங்கட சத்யநாராயணா என்று ரயில் மாதிரி நீண்டால் கண்ணை மூடிக்கொண்டு கோதாவரி மாவட்டம் என்று சொல்லு, அது அன்னவரம் சாமியின் முழுப்பெயர். தெலங்கானாவில் கொமுரவெல்லி மல்லன்னா இருக்கிறார், இடையர்களின் தெய்வம், அவரிடமிருந்துதான் மல்லேசம், கொமுரய்யா எல்லாம். 1946 ஜூலை 4ஆம் தேதி கடவெண்டியில் ஜமீன் ஆட்கள் சுட்டுக் கொன்றார்களே தொட்டி கொமுரய்யா, தெலங்கானா ஆயுதப் போராட்டமே அந்தச் சாவில் மூண்டதுதான், அவரும் இடையர் வீட்டுப் பிள்ளை. இன்னொன்று, மஸ்தான். யூடியூபில் தர்பூசணிக்குள் கோழி வைத்துச் சமைத்தாரே மஸ்தானம்மா பாட்டி, 2018இல் இறந்துபோனார், ஞாபகம் இருக்கிறதா? குண்டூர், நெல்லூர் பக்கத்தில் மஸ்தான் வலி தர்காக்களுக்கு வேண்டிக்கொண்டு இந்துக் குடும்பங்களே பிள்ளைகளுக்கு மஸ்தானய்யா, மஸ்தான் ராவ் என்று வைத்திருக்கிறார்கள். நாகூர் ஆண்டவரை நினைத்துக்கொள், உனக்குப் புரிந்துவிடும்.

சரி, இன்ஷியல் கூத்தைச் சொல்லவேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். இங்கே முன்னால் வருவது இண்டிபேரு, வீட்டுப் பெயர். நமக்கு முன்னால் வருவது அப்பா. உலகமே கண்டசாலா என்று கொண்டாடிய பாடகரின் பெயர் வெங்கடேஸ்வர ராவ், கண்டசாலா என்பது கிருஷ்ணா மாவட்டத்தில் ஓர் ஊர். நாம் டி. பிரகாசம் என்று படித்தோமே, டி அவருடைய அப்பா இல்லை, டங்குட்டூரு என்கிற ஊர், அதுதான் டங்குட்டூரி ஆகி முன்னால் நிற்கிறது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கு சர்வேபள்ளி ஒட்டிக்கொண்டது நெல்லூர்ப் பக்கத்துப் பூர்வீகத்தால். சுசீலாம்மாவின் பி கூட புலபாக. இதெல்லாம் எனக்குத் தெரியும், கவுண்டரில் இருந்த பையனுக்கு நம் வழக்கம் தெரியாது. மகளின் பாஸ்போர்ட்டில் வீட்டுப் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறதா, "மீ இண்டிபேரு சுந்தரமா சார்?" என்றான். இல்லையப்பா, சுந்தரம் நான்தான், இதோ நிற்கிறேன் என்றால் நம்பமாட்டேன் என்கிறான். மூன்று தலைமுறையாகச் சுந்தரம் வம்சம் என்று ஒன்று இங்கே கணினியில் உருவாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் இப்போது என் மனைவியை 'சுந்தரம்வாரி அம்மாயி' என்று ஓட்டுகிறார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமை, வெளியே முறைப்பு.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் ஒன்று நடந்தது.

எங்கள் சம்பந்தியை நீ கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய், மடிப்பு கலையாத சட்டை, பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் பிரசாத் ராவ்காரு. பெயர்ச்சண்டை உச்சத்தில் இருந்தபோது பாட்டி அவரைப் பார்த்து, "ஒரேய் பெண்ட்டய்யா, நீயாவது சொல்லேன்டா" என்றார். அறை அமைதியாகிவிட்டது. என் மகளுக்கே அந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரியும். பெண்ட்ட என்றால் குப்பைமேடு. பாட்டிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லையாம். மூன்றாவது பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டம்மா எடுக்க, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார். குப்பையில் கிடந்ததை எமன் சீந்தமாட்டான் என்ற கணக்கு. எச்சில் இலையில் புரட்டினால் புல்லய்யா, புல்லம்மா. அந்தப் பெயரில் தெலுங்கு சினிமாவில் இரண்டு பெரிய டைரக்டர்களே இருந்தார்கள். நம் பக்கத்துக் குப்புசாமியும் பிச்சையும் இதே ஜாதகம்தான், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உங்கள் சித்தப்பாவே பிச்சைதானே.

ராத்திரி மொட்டை மாடியில் சம்பந்தி தானாகப் பேச ஆரம்பித்தார். "பாவகாரு, காலேஜில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்பெஞ்சு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொள்ளும். வேலைக்குச் சேருவதற்கு முன்னால் கெஜட்டில் மாற்றிக்கொண்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் புதுப் பெயரால் ஒருநாள் கூடக் கூப்பிட்டதில்லை" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது? பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்குப் பெண்ட்டய்யா என்று பெயர் இருந்தால் யாரும் மூக்கைப் பிடிக்கமாட்டார்கள், இவரைத்தானே பிடித்தார்கள். பழைய பெயர் எல்லாம் உயர்வு, புதுசு எல்லாம் போலி என்று நான் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்த வீராப்பு அங்கே கொஞ்சம் இறங்கியது. என் மகள் பயப்படுவதும் அந்தப் பின்பெஞ்சுக்குத்தான். பைடி என்றால் பொன் என்று எத்தனை பேருக்கு நின்று சொல்லிக்கொண்டிருப்பாள் அந்தக் குழந்தை?

ஆனாலும் எனக்குப் பைடியை விட மனசில்லை. ஒரு யோசனை வைத்திருக்கிறேன். இவர்களுக்கு ஒருவருக்கு நாலு பெயர் சகஜம், அதுதான் வசதி. டைரக்டர் ராஜமௌலிக்கு முன்னால் இருக்கிற எஸ்.எஸ்., ஸ்ரீசைல ஸ்ரீ. கிரிக்கெட் லட்சுமணனுக்கு முன்னால் வங்கிபுரப்பு என்ற வீட்டுப் பெயரோடு வெங்கடாசலபதியும் சாயிபாபாவும் சேர்ந்தே நிற்கிறார்கள், யாருக்கு உறுத்துகிறது? அதனால் அரிசியில் 'பைடி ப்ரிஷா' என்று எழுதட்டும், பள்ளிக்கூடத்தில் பைடி சுருங்கி ஒரு எழுத்தாகிவிடும், வீட்டில் பாட்டி இஷ்டத்துக்குக் கூப்பிடட்டும். மகள் "ம்" என்றாள். பாட்டி, "இன்ஷியலில் அம்மனை ஒளித்துவைக்கிறீர்களா?" என்று கேட்டார், பதில் இல்லை என்னிடம். மாப்பிள்ளை இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஷிஃப்டுக்கு மேல் ஷிஃப்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறான், டாக்டர் வேலைக்கு இப்படியும் ஒரு சௌகரியம்.

இப்போது நீ செய்யவேண்டியது இரண்டு. கோவில்பட்டிக்குப் போன் போட்டு உங்கள் பெரியம்மாவிடம் உங்கள் வீட்டுப் பெயர் என்ன என்று கேள். நாயக்கமார் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது அதை இன்னமும் கேட்பார்கள் என்று நீதான் ஒருதரம் சொன்னாய், உன்னுடையதை மட்டும் ஆஸ்டலில் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, வாத்தியார் கூட எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அது எந்த ஊர் என்று நான் கண்டுபிடிக்கிறேன், அந்தக் காலத்தில் உங்கள் ஆட்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று ஒரு துப்பாவது கிடைக்கும். அப்படியே பழைய பாட்டிமார் பெயர்களையும் எழுதி வாங்கு, பைடி என்று ஒன்று அகப்பட்டால் எனக்கு இங்கே ஒரு ஓட்டு கூடும்.

இரண்டாவது, பாரசாலாவுக்கு வந்து சேர். சென்னை வரைக்கும் பஸ்ஸில் வராதே, மூட்டு தாங்காது, சென்ட்ரலிலிருந்து ராத்திரி வண்டி இருக்கிறது, கீழ் பர்த் போடச் சொல். பாட்டியிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், 'அரவத் தேசத்துத் தெலுங்குப் பையன்' (அரவம் என்றால் இவர்களுக்குத் தமிழ்) வருகிறான் என்று காத்திருக்கிறார். உன் கரிசல் தெலுங்கில் அவருக்காக நாலு வார்த்தை பேசுவாயா, என் மகளுக்காகப் பேசுவாயா என்று இப்போதே முடிவு பண்ணிக்கொண்டு வா, இங்கே நடுநிலைக்கு நாற்காலி கிடையாது.

சுந்தரம்

பி.கு.: மெஸ் மாமி பேத்திக்கும் ப்ரிஷாதானாம், குண்டு சொன்னான். என் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் உளறிவிடாதே, சமயம் பார்த்து நான் சொல்லிக்கொள்கிறேன்.