இயந்திரம் வாங்கும் முன் ஆலையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளை நவீனமாக்கும் பேச்சு வந்தாலே கலர் சோர்ட்டர் (நிறம் பார்த்துத் தூளைத் தரம்பிரிக்கும் இயந்திரம்), தானியங்கி டிரையர் (உலர்த்தும் இயந்திரம்) என்று இயந்திரப் பெயர்கள்தான் முதலில் அடிபடுகின்றன. ஆலை இன்று எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பவர் குறைவு. சிங்கப்பூர் 2017இல் வெளியிட்ட கைத்தொழில் தயார்நிலைச் சுட்டெண், 16 அம்சங்களைத் தனித்தனியே 0 முதல் 5 வரை தரப்படுத்துகிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. கொழுந்து வாட்டுவது முதல் சலிப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு கேள்விகள் போதும்: அளவு எடுக்கிறார்களா? எழுதுகிறார்களா? பிழைத்தால் அதே ஷிப்டில் திருத்துகிறார்களா? அடுத்த கட்டத்தில் நிற்பவருக்குச் சொல்கிறார்களா? ஆம் என்றால் ஒரு புள்ளி.

வாட்டலை, அதாவது கொழுந்தைத் தொட்டியில் பரப்பிக் காற்றோட்டி ஈரத்தைக் குறைப்பதை, எடுத்துக்கொள்வோம். 78 வீத ஈரமுள்ள 100 கிலோ கொழுந்து, 55 வீதத்துக்கு வாடினால் சுமார் 49 கிலோ நிற்கும். 60 வீதத்தோடு நின்றால் 55 கிலோ. தொட்டியின் இரு முனைகளிலும் நடுவிலும் ஒரு கிலோ கொழுந்திட்ட வலைப்பைகளை வைத்து, காலையில் எடை போட்டுப் பாருங்கள். ஒன்று 490 கிராம், இன்னொன்று 550 என்றால் கொழுந்து சமமாகப் பரப்பப்படவில்லை, அல்லது காற்று எங்கோ கசிகிறது. மழைக்காலத்தில் மேல்நீர் காய்ந்த பிறகே பையில் இட வேண்டும்; இல்லாவிட்டால் கணக்கே பிழைக்கும். சீராக வாடாத கொழுந்து ரோலரில் சீராக முறுகாது. பெருந்தொகைக்கு வாங்கிய கலர் சோர்ட்டர் தண்டையும் நாரையும் பிரிக்கும். இந்தக் குறையைத் தீர்க்காது.

அளவுகருவியையும் சோதிக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். அங்கே கொதிநீரில் வைத்துச் சோதிக்கும் வெப்பமானி 100 காட்டவில்லை என்று அதைக் கூட்டி வைத்தால், டிரையர் காட்டுவதைவிட 6 பாகை குறைவாக ஓடும். 3 வீதத்துக்கு இறங்க வேண்டிய தூளில் ஈரம் தங்கும்.

புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் பெரிய தவறு. சலிப்பில் 4, வாட்டலில் 1 என்றால் அந்த ஆலையின் நிலை 1தான். பணம் முதலில் போக வேண்டியதும் அங்கேதான். கொழுந்து வாடுவது பெரும்பாலும் இரவில் என்பதால், மதிப்பீட்டையும் இரவு ஷிப்டில், தொட்டியருகே வேலை செய்பவர்களை வைத்தே நடத்துங்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் காய்ந்த காற்றில் ஒரு தடவை, மழைக்காலத்தில் இன்னொரு தடவை செய்து, இரண்டில் குறைந்த புள்ளியையே கொள்வனவுத் திட்டத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலைப் பொறியியலாளர் ஒருவர்,
தலவாக்கலை.