வாயை மூட 5,000 வெள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் நாளிதழில் செய்தி வந்தால், ரவுடிகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அந்தக் குற்றத்தை எங்கள் வீட்டுச் சமையலறையில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, நாங்களே செய்யப் பார்த்தோம்.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 80 பேருக்குப் பிரியாணி சொல்லியிருந்தோம். 640 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). கோழியைப் பிய்த்தால் எலும்போரம் இன்னும் சிவப்பாக இருந்தது. அன்றிரவே 11 பேருக்கு வாந்தி, பேதி. சமைத்துக் கொடுத்தவர் (பெயர் வேண்டாம்) போனை எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை கோபத்தில் வாட்ஸ்அப்பில் தட்டினார்: 'ஞாயிற்றுக்கிழமைக்குள் 5,000 வெள்ளியை பேநவ்வில் (போன்வழிப் பணம்) அனுப்புங்கள். செய்தால் போட்டோவையெல்லாம் அழித்துவிடுகிறோம், யாரிடமும் மூச்சு விடமாட்டோம். இல்லையென்றால் ஃபேஸ்புக்குக்கும் போகும், உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும் போகும்.'

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்யும் என் அண்ணன் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அனுப்பிட்டீங்களா அத்தை?" என்றாள். குரலே மாறிவிட்டது.

இன்னும் இல்லை, ஆனால் நாங்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லையே என்றேன். பொய்யா உண்மையா என்பது இங்கே பேச்சே இல்லையாம். குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 383ஆம் பிரிவை அவள் விளக்கினாள். ஒருவரது உடலுக்கோ மனதுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு வரும் என்று பயமுறுத்தி, நமக்குச் சேராத பணத்தை வாங்கினால் அது மிரட்டிப் பறித்தல். அந்தத் தீங்கு சட்டப்படி செய்யக்கூடியதாக இருந்தாலும் சரி, குற்றம் குற்றம்தான். புகார் கொடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. 640 வெள்ளியைத் திருப்பிக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் புகார் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு விலை சொல்கிறேன் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். 640 எப்படி 5,000 ஆனது என்று அவள் கேட்டபோது மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. என்னிடமும்தான்.

பணம் கைக்கு வந்துவிட்டால் இரண்டு முதல் ஏழு ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. பணமே வராவிட்டாலும், பறிக்கும் எண்ணத்தோடு பயமுறுத்தியதற்கே 385ஆம் பிரிவின்கீழ் இரண்டு முதல் ஐந்து ஆண்டு, அதற்கும் பிரம்படி. பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது. மாப்பிள்ளைக்கு 34 வயது. கையிலிருந்த போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

சட்டத்தைவிட எனக்கு உறைத்தது வேறு. அந்த 5,000 வெள்ளியை வாங்கிக்கொண்டு நாங்கள் பேசாமல் இருந்திருந்தால், அடுத்த வாரம் அதே சட்டியில் இன்னொரு வீட்டு விசேஷத்துக்குச் சமைத்திருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றை நாங்கள் விற்றிருப்போம். இது மட்டும் ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். கோபத்தில் இருக்கும்போது கேட்பதெல்லாம் நஷ்டஈடு போலத்தான் தெரிகிறது.

அப்புறம் இரண்டையும் தனித்தனியாகச் செய்தோம். சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் அன்றே புகார் கொடுத்தேன். அதில் பணப் பேச்சே இல்லை. சமைத்தவருக்கு அனுப்பிய கடிதத்தில் 640 வெள்ளியும் மருந்தகச் செலவும் மட்டும். தராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்று எழுதினோம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைத்து வாதாட முடியாது, எங்களுடையதைப் போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இதையெல்லாம் எங்கள் புளோக்கில் எத்தனை பேர் அறிவார்கள்? நான்கு பேரிடம் கேட்டேன். மூவர், "ஃபேஸ்புக்ல போட்டுடுவேன்னு சொல்லுங்க, தன்னால பணம் வரும்" என்றார்கள். உங்கள் நாளிதழில் இந்த மன்றத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் நன்றாக இருக்கும்.

640 வெள்ளி பத்து நாளில் வந்துவிட்டது. மருந்தகச் செலவுக்கு இன்னும் இழுபறி.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி