சத்தம் குறைந்த துவக்கு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நெடுங்கேணி, ஓமந்தை, கனகராயன்குளம், மாங்குளம் என்று எங்கிருந்தெல்லாமோ தண்ணீர் இறைக்கும் மோட்டரையும் மருந்தடிக்கும் மெசினையும் சுமந்து வந்து, விலைகூடக் கேட்காமல் எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறோம். வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அதில் குற்றச்சாட்டு இரண்டு. எங்களிடம் சேர்விசுக்குக் கொடுத்த காற்றுத் துவக்கு சத்தம் குறைந்து திரும்பி வந்ததாம், நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு நோஞ்சான் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டோமாம். அடுத்தது, லீவர் துவக்கு ஒருவரின் விரலை நசுக்கியதாம். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான். ஆனால் முதலாவதற்குப் பதில் சொல்லாமல் எங்களுக்கு நித்திரை வராது.

காற்றுத் துவக்கில் வெடிமருந்து இல்லை. லீவரை இழுக்கும்போது பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங்கை நெரித்து, விசையின் கொக்கியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை நெரிக்கும். அந்தக் காற்று சின்னத் துளை ஒன்றால் புகுந்து சன்னத்தை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ளும். காற்று அப்படி நெரிபடும் அந்தக் கணத்தில் கடுமையாகச் சூடாகும். அங்கே தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஒயிலோ துரு இளக்கும் ஸ்பிரேயோ கிடந்தால் பற்றிக்கொள்ளும். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் எஞ்சினில் பிளக் இல்லாமலே டீசல் பற்றுகிறதே, இதுவும் அதே வேலைதான். 'படார்' என்று சத்தம், குழல் வாயில் புகை, கொஞ்சம் கருகல் மணம். அடித்தவருக்குத் துவக்கு நல்ல பலமாக இருக்கிறது என்ற சந்தோசம். உள்ளே நடப்பது வேறு. பிஸ்டன் தலையில் இருக்கும் வோஷர் தீய்ந்து விளிம்பு உதிரும். பிஸ்டன் எதிர்த்து உதைபட்டு ஸ்பிரிங் கோணும். ஒவ்வொரு முறையும் வேறு அளவு ஒயில் பற்றுவதால் ஒரு சன்னம் மேலே போகும், அடுத்தது கீழே போகும்.

நாங்கள் சேர்விஸ் செய்யும்போது அந்த ஒயிலை முழுக்கத் துடைத்து எடுக்கிறோம். பற்றுவதற்கு எதுவும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. அதோடு ஸ்பிரிங்குக்குத் தடித்த கிறீஸ் பூசுகிறோம். பூசாவிட்டால் அடித்த பிறகு ஸ்பிரிங் 'டொய்ங்' என்று அதிரும். அதுவும் போனால் காதுக்குப் பாதித் துவக்குத்தான் மிச்சம். பலம் காதில் இல்லை ஐயா. சந்தேகம் இருந்தால் பதினைந்து யார் (கெஜம்) தூரத்தில் காகித மட்டை ஒன்றை மண்மேட்டில் சாய்த்து வைத்து, துவக்கைத் தாங்கலில் ஊன்றி ஐந்து சன்னம் அடித்துப் பாருங்கள். ஐந்து ஓட்டையும் நெருங்கி விழுந்தால் துவக்கு ஒரே சீராக அடிக்கிறது. கழற்றிய பழைய ஸ்பிரிங், வோஷர் எல்லாவற்றையும் பையில் போட்டு உங்கள் கையிலேயே தருகிறோம், இதுவரையும் அப்படித்தான். நீளமான ஸ்பிரிங்காகப் போடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அளவுக்கு மிஞ்சி நீண்டால் கொக்கி மாட்டுமுன்பே வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடும், லீவர் பாதியிலேயே நிற்கும்.

ஒயில் விடவே கூடாதா என்றால், துவக்கைப் பொறுத்தது. இங்கிலாந்தின் பீ.எஸ்.ஏ. கம்பனி 1905 முதல் செய்த கீழ்-லீவர் துவக்குகள் போன்ற பழையவற்றில் தோல் வோஷர். அது காய்ந்தால் சுருங்கிக் காற்றை விடும், எப்போதாவது சில துளி வேண்டும். இப்போது வருபவற்றில் பிளாஸ்டிக் வகை வோஷர். அதற்கு வேண்டாம். அப்பப்பா காலத்துத் துவக்குக்குச் செய்ததைப் புதியதற்கும் செய்வதில்தான் பாதிப் பழுது எங்களிடம் வருகிறது.

இனி விரல் விசயம்.

குழலை முறித்து ஏற்றும் துவக்கு ஒரு வகை, அதில் குழலே லீவர். மற்ற வகையில் குழல் அசையாது. அதற்குக் கீழே தனியாக லீவர் உண்டு, பலவற்றில் அதை இழுக்கும்போது சிலிண்டர் பின்னால் நகர்ந்து சன்னம் வைக்க இடம் திறக்கும். குழல் அசையாததால் குறி மாறாது, அதுதான் இதன் பெருமை. ஆபத்தும் அந்தத் திறந்த இடத்தில்தான் இருக்கிறது. கொக்கி தேய்ந்து நழுவினால் நெரிபட்ட ஸ்பிரிங் முழுப் பலத்தோடு சிலிண்டரை முன்னால் அறையும், அங்கே விரல் இருந்தால் நகமும் எலும்பும் போகும். இதைத் தடுக்கப் பல துவக்குகளில் பல்லுப் பூட்டு வைத்திருப்பார்கள், லீவர் இழுக்கையில் 'கிளிக் கிளிக்' என்று கேட்பது அதுதான். பல்லும் தேயும். அதை மட்டும் நம்பி லீவரைக் கைவிட்டுவிட்டுச் சன்னம் வைக்கக்கூடாது.

ஏற்றும் முறை இது. குழல் வாய் ஆளும் வீடும் மாடும் இல்லாத பக்கம், நிலத்தை நோக்கி இருக்கட்டும். விசையில் விரல் வேண்டாம். துவக்கின் அடியைத் தொடையில் ஊன்றி, லீவரை ஒரே இழுவையில் கடைசிவரை இழுத்துக் கொக்கி மாட்டும் சத்தத்தைக் கேளுங்கள். இடது கை லீவரை விடாமல் பிடித்திருக்க, வலது கையால் சன்னத்தை மொட்டைப் பக்கம் முன்னாக வைத்து, பாவாடை போல விரிந்த பின்விளிம்பு குழலோடு சமமாகும்வரை பெருவிரலால் தள்ளுங்கள். விரலை எடுத்த பிறகுதான் லீவரை மூடவேண்டும். பிறகு பாதுகாப்புப் பூட்டைப் பாருங்கள். இடது கைதான் முக்கியம். அந்தக் கை லீவரில் இருந்தால் கொக்கி நழுவினாலும் இழுவையைக் கை தாங்கும்.

படங்களில் வரும் அமெரிக்க லீவர் ரைபிளை மனதில் வைத்து "இது ஏன் தானாக ஏற்றவில்லை" என்று கேட்பவர்களுக்கு: அது வேறு இனம். 1860 ஹென்றி, 1873, 1894 வின்செஸ்டர் எல்லாம் வெடிமருந்துத் தோட்டா போடுபவை. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மூடினால் வெற்றுக் கோது வெளியே விழும், சுத்தியல் பின்னே மடங்கும், குழலின் கீழ்க் குழாயில் வரிசையாகக் கிடக்கும் தோட்டாவில் அடுத்தது ஏறும். அந்தக் குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் கிடப்பதன் அடியில் முட்டிக்கொண்டு இருப்பதால் மொட்டை மூக்குத் தோட்டாதான் போடுவார்கள், கூர் மூக்கு குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். 1895 வின்செஸ்டரில் குழாய்க்குப் பதில் பெட்டி வைத்ததால் அதில் கூர் மூக்கு சாத்தியமானது. எங்கள் துவக்கின் லீவருக்கோ ஒரே வேலை, ஸ்பிரிங்கை நெரிப்பது. சன்னம் ஒவ்வொன்றாகக் கையால்தான். ஏற்றியதை மறந்து இரண்டாவதைத் தள்ளினால் இரண்டும் குழலில் இறுகும். இறுகினால் குழல் வாயில் கண் வைத்துப் பார்க்காமல் கொண்டுவாருங்கள்.

சன்னம் இல்லாமல் வெறுமனே அடித்துப் பார்ப்பதுதான் துவக்கைக் கொல்லும் அடுத்த பழக்கம். முன்னால் தடை இல்லாவிட்டால் காற்று மெத்தை உண்டாகாது, பிஸ்டன் இரும்பிலேயே போய் மோதும். காவல் கொட்டிலில் இழுத்து ஏற்றி வைத்துவிட்டு விடியும்வரை விடுவதும் அப்படித்தான், ஸ்பிரிங் தளரும். பிள்ளைகள் எடுத்தால் அதைவிடப் பெரிய விசயம். குரங்கு வராவிட்டால் ஈர மண்மேட்டில் அடித்து வெறுமையாக்கிவிட்டுப் படுங்கள். சன்னத்தை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு ஏற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், அது ஈயம். பனை மரத்திலும் குளத்து நீரிலும் சன்னம் தெறித்துத் திரும்பும். அடிக்கடி அதிர்வதால் துவக்கின் மரக்கட்டையின் முன் திருகாணிகள் கழரும், கிழமைக்கு ஒருதரம் கையளவு இறுக்கினால் போதும். முறுக்கினால் மரம் பிளக்கும்.

பின் மூடியைச் சைக்கிள் கடையில் கழற்ற வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே சில அங்குலம் நெரிபட்டுத்தான் இருக்கிறது, அமுக்கிப் பிடிக்கும் சட்டம் இல்லாமல் திறந்தால் மூடி முகத்துக்கு வரும்.

உரிய காகிதங்களைக் காட்டாத எந்தத் துவக்கையும் நாங்கள் தொடமாட்டோம். இடியன் (மருந்து இடித்து அடிக்கும் நாட்டுத் துவக்கு), கட்டுத்துவக்கு (மிருகம் தட்டினால் வெடிக்கும்படி வழியில் கட்டி வைப்பது) என்று எங்களிடம் யாரும் வரவேண்டாம். கட்டுத்துவக்கில் மாட்டுப்பட்டு கால் போனவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

குரல்பதிவைக் கேட்ட பிறகும் கடைக்கு நேரே வந்து "என்ன நடந்தது" என்று கேட்டவர்களுக்கும், எங்களுக்காக நாலு இடத்தில் பேசியவர்களுக்கும் மனம் நிறைந்த நன்றி. சத்தம் குறைந்தது என்று நினைக்கும் எவரும் துவக்கைக் கொண்டுவரலாம். உங்கள் முன்னாலேயே திறந்து ஸ்பிரிங்கைக் காட்டுகிறோம், அதற்குக் காசு இல்லை.

ஸ்பிரிங் வேலை பார்த்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டதால் துவக்கு வேலை இனி சனிக்கிழமைகளில் மட்டும், திரும்பக் கிடைக்க மூன்று கிழமையாகும். சேர்விஸ் கட்டணம் அடுத்த மாதம் முதல் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாய். மோட்டர், மெசின் வேலைகள் வழமைபோல.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் வேலையாட்களும்
வவுனியா