ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் விடை ஏன் மாறுகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "முதல் வரிசையில் கணக்கு சரியாக வருகிறது. அதையே கீழே இழுத்தால் எல்லாம் பூஜ்யம் ஆகிவிடுகிறது. ஏன்?" ஒவ்வொரு கோப்பையும் நாங்களே திருத்தி அனுப்பிவிடலாம். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் எந்த விரிதாளையும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம் என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. பி நெடுவரிசையில் விலை, சி நெடுவரிசையில் வரி. வரி விகிதத்தை எஃப்1 என்ற செல்லில் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சி2-ல் =பி2*எஃப்1 என்று போடுகிறீர்கள், விடை சரியாக வருகிறது. (படிக்க வசதியாகச் செல் முகவரிகளைத் தமிழில் எழுதுகிறோம். தாளில் தட்டும்போது ஆங்கில எழுத்துகள்தான்.) சரி, இப்போது அதைச் சி3-க்கு இழுங்கள். அங்கே இருப்பது =பி3*எஃப்2. பி2 என்பது பி3 ஆனது நமக்கு வேண்டியதுதான். அதோடு எஃப்1-உம் ஒரு படி இறங்கி எஃப்2 ஆகிவிட்டது. அந்தச் செல் காலி, அதனால் விடை பூஜ்யம்.

நாம் 'எஃப்1' என்று எழுதினாலும், நகல் எடுக்கும்போது விரிதாள் அதை 'எனக்கு மூன்று நெடுவரிசை வலப்பக்கம், ஒரு வரிசை மேலே' என்றுதான் எடுத்துக்கொள்கிறது. வழி கேட்டவரிடம் கதவு எண்ணைச் சொல்லாமல் 'இங்கிருந்து மூன்றாவது வீடு' என்று சொல்வது போலத்தான். கேட்டவர் நிற்கும் இடம் மாறினால் போய்ச் சேரும் வீடும் மாறும். இதைச் சார்பு முகவரி என்கிறோம். ஆயிரம் வரிசைகளுக்கு ஒரே ஃபார்முலா போதும் என்ற பெரிய வசதி இதனால்தான் கிடைக்கிறது.

நகராமல் நிற்க வேண்டிய முகவரிக்குத்தான் டாலர் குறி. =பி2*$எஃப்$1 என்று எழுதினால் எவ்வளவு தூரம் இழுத்தாலும் எஃப்1 அப்படியே நிற்கும். எழுத்துக்கு முன்னால் உள்ள $ நெடுவரிசையையும், எண்ணுக்கு முன்னால் உள்ள $ வரிசையையும் பிடித்து வைக்கிறது. எக்ஸெலில் ஃபார்முலாவைத் திருத்தும்போது முகவரியின் மேல் கர்சரை வைத்து விசைப்பலகையில் உள்ள எஃப்4 விசையைத் தட்டிக்கொண்டே போனால் $எஃப்$1, எஃப்$1, $எஃப்1, மறுபடி எஃப்1 என்று சுற்றி வரும்.

ஒரு பக்கம் மட்டும் $ போடுவதைப் பலர் தொடுவதே இல்லை. பழகிக்கொள்ளுங்கள், மிகவும் உதவும். ஏ நெடுவரிசையில் மேலிருந்து கீழாக விலைகள், முதல் வரிசையில் இடமிருந்து வலமாகத் தள்ளுபடி விகிதங்கள் என்றால், பி2-ல் =$ஏ2*பி$1 என்ற ஒரே ஃபார்முலா முழுக் கட்டத்தையும் நிரப்பிவிடும். விலைக்கு ஏ நெடுவரிசையை விட்டு நகரக் கூடாது. விகிதத்துக்கு முதல் வரிசையை விட்டு நகரக் கூடாது. $ எங்கே வேண்டும் என்பதை இப்படி யோசித்தாலே தெரிந்துவிடும்.

1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளிலேயே இந்தக் கேள்வி இருந்தது. ஃபார்முலாவை நகலெடுக்கும்போது ஒவ்வொரு முகவரிக்கும் 'அப்படியே இருக்கட்டுமா, நகரட்டுமா' என்று அது நம்மையே கேட்கும். இப்போது அந்தப் பதிலை $ மூலம் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறோம்.

$ போட்டால் செல் பூட்டப்பட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; அதன் வேலை நகலெடுக்கும்போது மட்டும்தான். மேலே ஒரு புது வரிசையைச் செருகினால் விகிதம் எஃப்2-க்கு இறங்கும், ஃபார்முலாவில் உள்ள $எஃப்$1-உம் தானாக $எஃப்$2 ஆகும். கணக்கு கெடாது. ஃபார்முலாவை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும் அதற்குள் உள்ள முகவரிகள் மாறாது. ஆனால் விகிதம் இருக்கும் வரிசையையே நீக்கிவிட்டால் அதைச் சுட்டிய எல்லா இடத்திலும் ரெஃப் (#REF!) பிழை, அதாவது சுட்டிய செல் இல்லை என்ற செய்தி, வரும். உடனே செயல்நீக்கம் (அன்டூ) செய்யுங்கள். எண்ணை மாற்ற வேண்டுமானால் செல்லின் உள்ளே உள்ளதை மட்டும் அழியுங்கள், வரிசையை நீக்காதீர்கள்.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது பூஜ்யமோ பிழைச் செய்தியோ அல்ல. அவை கண்ணில் பட்டுவிடும். எஃப்2 செல்லில் தற்செயலாக வேறொரு எண் இருந்தால், நம்பும்படியான ஒரு தவறான விடை வரும். யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் இழுத்து முடித்ததும் கடைசி வரிசைக்குப் போய் அங்கே விசைப்பலகையில் உள்ள எஃப்2 விசையைத் தட்டிப் பாருங்கள். ஃபார்முலா சுட்டும் செல்கள் வண்ணக் கட்டத்தில் தெரியும். விகிதம் இருக்கும் செல்லின் மேல் கட்டம் இருந்தால் சரி. அப்புறம், வரி விகிதத்தை ஃபார்முலாவுக்குள் நேரடியாக எண்ணாக எழுதிவிடாதீர்கள். $ தொல்லை இல்லை என்று தோன்றும். விகிதம் மாறும் நாளில் எந்தெந்த ஃபார்முலாவில் எழுதினோம் என்று தேட வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகும் கணக்கு சரியாக வரவில்லையா? சரியான விடை தரும் ஒரு செல்லின் ஃபார்முலாவையும், தவறாக வரும் முதல் செல்லின் ஃபார்முலாவையும் அப்படியே நகலெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு வரிகளே போதும், முழுக் கோப்பும் தேவைப்படாது.

அன்புடன்,
உங்கள் விரிதாள் தயாரிப்புக் குழுவினர்