இம்பிளாண்ட் பல்செட் வைத்தவர்கள் மெல்லுகிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் இம்பிளாண்ட் பல் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. இம்பிளாண்ட் என்பது பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு; அதன் மேல் பல்செட்டை மாட்டுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பெற்றோருக்கு இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் "ஆடவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது" என்பதோடு எல்லோரும் திருப்தி அடைந்துவிடுகிறோம். அந்த அப்பா பயறு துவரனும் இறைச்சித் துண்டும் மென்று தின்கிறாரா, இன்னும் கஞ்சியும் ரசம் சோறும்தானா என்று கேட்பார் இல்லை. மெல்லும் திறனைச் சோதிக்காமல் இந்தச் சிகிச்சை முடிந்தது என்று சொல்லக்கூடாது.

சாதாரண முழுப் பல்செட்டில் கடிக்கும் விசை இயற்கைப் பல்லில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான். கீழ்ப்பல்செட்தான் பெரிய தொல்லை. மேலே அண்ணம் முழுவதும் பரவி எச்சிலின் பிடிப்பில் நிற்கும். கீழே ஒடுங்கிய எலும்பு மேடு மட்டும். நாக்கும் கன்னமும் ஓயாமல் தள்ளும். பல் எடுத்த முதல் வருடத்தில் எலும்பு வேகமாகக் கரையும். அதன் பிறகும் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நாலு மடங்கு கரையும். இதனால்தான் 2002-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முன்பக்கம் இரண்டு இம்பிளாண்ட் வைத்து அதில் மாட்டும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். இதில் கடிவிசை சாதாரண பல்செட்டைப்போல் இருமடங்கை நெருங்கும். அப்போதும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. எலும்பு மேடு நன்றாக உள்ளவர், இருக்கிற பல்செட்டிலேயே வசதியாகச் சாப்பிடுகிறவர் என்றால் கிடைக்கும் லாபம் குறைவு. பணம் கட்டும் முன்பே மருத்துவர் இதைச் சொல்லிவிட வேண்டும்.

சோதிப்பது கஷ்டமில்லை. ஆய்வுகளில் இரண்டு நிறச் சூயிங்கத்தை 20 தடவை மெல்லச் சொல்லி, நிறங்கள் எவ்வளவு கலந்தன என்று பார்ப்பார்கள். வீட்டில் ஒரு துண்டு பச்சைக் கேரட் போதும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாக வெட்டி, 20 தடவை மென்று, விழுங்காமல் வெள்ளைத் தட்டில் துப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பரப்புங்கள். துருவல்போல் இருக்கிறதா, பட்டாணி அளவில் கட்டி கட்டியாகக் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். சிகிச்சைக்கு முன்பு ஒரு தடவை, பல்செட் மாட்டி மூன்று மாதத்தில் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம், அவருடைய பழைய படத்தோடு ஒப்பிட்டால் போதும். புரையேறுகிறவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

முதலில் நன்றாக மென்றவர் போகப்போக மெல்ல முடியாமல் திணறினால், பெரும்பாலும் இம்பிளாண்டில் குறை இருக்காது. பல்செட்டின் அடியில், இம்பிளாண்ட் தலையை (ஈறுக்கு மேலே தெரியும் பகுதியை) கவ்விப் பிடிக்கும் சிறிய நைலான் வாஷர் தேய்ந்திருக்கும். மாட்டும்போது 'டக்' என்று உட்காரும் சத்தம் குறைந்தால் அதுதான் அறிகுறி. ஆறு மாதம், ஒரு வருடத்தில் இதை மாற்ற வேண்டி வருவது சகஜம். சில நிமிட வேலை. இதைச் சீக்கிரம் கெடுப்பது ஒரு பழக்கம்: பல்செட்டை வாயில் வைத்து, கடித்து அழுத்தி உட்கார வைப்பது. கடித்தால் அது கோணலாக இறங்கி வாஷரின் விளிம்பைச் சிதைக்கும். இரண்டு பக்கமும் விரலால் ஒரே நேரத்தில் அமுக்கித்தான் மாட்ட வேண்டும். வெந்நீரும் பிளீச்சிங் கலந்த நீரும் நைலானுக்கு ஆகாது. இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கலாம்.

சில வகை இம்பிளாண்ட் தலையில் நடுவே ஒரு சிறு குழி இருக்கும். மரச்சீனிக் கிழங்கு, புட்டு போன்ற மாவுப் பண்டங்களும் பாக்குத் தூளும் அதில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு என்ன அமுக்கினாலும் பல்செட் முழுதாக இறங்காது. வீட்டில் "பல் சேராமல் போச்சு" என்பார்கள். மென்மையான பிரஷ் நுனியால் அந்தக் குழியையும் ஈறு ஓரத்தையும் தினமும் இரண்டு வேளை துலக்கினால் போதும். துலக்காமல் விட்டால் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, இம்பிளாண்டே கழன்றுவிடக்கூடும். சர்க்கரை கட்டுப்படாதவர்களும் புகையிலை போடுகிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கடைவாய்ப் பக்கம் விரலால் அமுக்கும்போது முன்பக்கம் தூக்கினால், பின்னால் எலும்பு கரைந்து பல்செட்டின் அடியில் இடைவெளி விழுந்திருக்கிறது. வாஷர் மாற்றி இது சரியாகாது, அடிப்பகுதியை ரீலைன் செய்ய வேண்டும், அதாவது ஈறோடு பொருந்தும்படி அடியில் புதிய படலம் சேர்க்க வேண்டும். தள்ளிப்போட்டால் வாஷர் இருக்கும் இடத்திலேயே பல்செட் விரிந்து உடையும். பல்லின் மேடு பள்ளம் தேய்ந்து தட்டையாகிவிட்டால், எத்தனை இறுக்கமாக நின்றாலும் உணவு அரைபடாது.

இன்னொன்று, பல் வந்தவுடன் சாப்பாடு தானாக மாறாது. வருடக்கணக்கில் குழைத்துச் சாப்பிட்டவருக்கு மெல்லும் தசை பலம் குறைந்திருக்கும், பயமும் இருக்கும். முதல் வாரம் உளுந்தங்கஞ்சி, குழைந்த சோறு. அடுத்து வேகவைத்த கிழங்கும் மீனும், பிறகு அவியல், துவரன், கடைசியாக நார் குறுக்கே நறுக்கிய இறைச்சி. சிறு கவளமாக, இரு பக்கமும் பங்கிட்டு மெல்லட்டும். முன்பல்லால் கடித்து இழுப்பது வேண்டாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் வாயை உலர்த்தும். அவர்களுக்குக் குழம்பு தாராளமாக வேண்டும். வீட்டுப் பெண்களிடமும் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்குத் தனியாகக் குழைத்து வைக்கும் வழக்கத்தை அவர்கள்தான் மாற்ற முடியும்.

இரண்டு கோரிக்கைகள். எல்லா வாஷரும் எல்லா வகை இம்பிளாண்ட் தலைக்கும் பொருந்தாது. எனவே இம்பிளாண்டின் கம்பெனி, விட்டம், நீளம், வாஷரின் நிறம் எல்லாம் எழுதிய அட்டையை ஒவ்வொரு கிளினிக்கும் நோயாளி கையில் கொடுக்க வேண்டும். வெளிமாநிலத்தில் சிகிச்சை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு அட்டை இல்லாவிட்டால், இங்கே எந்த வாஷரைப் போடுவது என்றே தெரியாது. இரண்டாவது, 2021 முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள், நம் மாவட்டத்தில் முதியவர்களிடம் "என்னென்ன மெல்ல முடியவில்லை?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, தேவையானவர்களை அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்ப, மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் பல்செட் சிகிச்சையில் உள்ள பல் மருத்துவர்கள், லேப் டெக்னீஷியன்கள் சிலர்,
நாகர்கோவில்.