முடிவெட்டும் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் செம்மண் நிறத்தில் கக்கியது, பிறகு தெளிந்தது. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு, குழாயில் தண்ணீர் வராத அந்த ஒன்பது நாளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வளர்க்கும் நாற்பது செடித் தொட்டியில் முப்பத்து நான்கு பிழைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அண்ணே, உங்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் கடை ஏர்கோன் தண்ணீர் ஐந்தடியில், அதாவது கடை முன் நடைபாதையில், சொட்டி வீணாவதை ஊரே தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் அந்தக் குழாயை இழுத்து ஒரு வாளிக்குள் விட்டீர்கள். முடிவெட்டும்போது போர்த்துகிற பழைய துணியை வாளியின் வாயில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினீர்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கமாகப் போன பிள்ளையை நிறுத்தி, "இத எடுத்துட்டுப் போய் செடிக்கு ஊத்து" என்றீர்கள். காலையிலிருந்து இரவு வரை ஏர்கோன் ஓடினால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு 15 லிட்டருக்குக் குறையவில்லை. தொட்டிக்கு அரை லிட்டர் என்றால் முப்பது தொட்டிக்கு வரும்.

துணி கட்டியதற்குத் தனியாக ஒரு நன்றி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதுவும் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாளிச் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தினம் வாளியைக் காலி செய்வதோடு உள்சுவரைத் தேய்த்தும் கழுவுவது என்று பிள்ளைகளிடம் ஒப்படைத்தோம். துணியிலிருந்து விழுந்த முடியைப் பார்த்து இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். முடியும் உரம்தான், மக்க நாளாகும், அவ்வளவே.

இன்னொன்றும் நீங்களே சொன்னீர்கள்: ஏர்கோன் கழுவ மருந்து அடிக்கிற அன்றைக்கு வரும் தண்ணீர் வேண்டாம் என்று. அது சரியான பேச்சு. மற்ற நாளில் அந்தத் தண்ணீரில் குளோரினும் இல்லை, உப்பும் இல்லை. ஆனால் உள்ளே படிந்த தூசியும் பூஞ்சையும் சேர்ந்து வரும் என்பதால் கீரை இலைமேல் தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றினோம்.

இரண்டாம் நாளே ஒரு தப்பு நடந்தது. பிள்ளைகள் ஊற்றிய தண்ணீர் அடியில் உடனே ஒழுகியதால், செடி வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஒரேயடியாகக் காய்ந்த மண் தண்ணீரை உடனே ஏற்காது. மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும், ஊற்றியது அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் நடுவில் தூள்தான். ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு குவளை ஊற்ற வேண்டும். ரொம்பக் காய்ந்ததைப் பேசினில் நாலு விரல் தண்ணீர் விட்டு அதில் உட்கார வைத்தோம். அடித் துளை வழியாக அதுவே உறிஞ்சிக்கொண்டது, மிஞ்சிய தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போனது.

செத்த ஆறில் ஐந்து, சிமெண்டுத் தரையில் மேற்கு வெயிலில் வைத்த பிஸ்கட் தகரங்கள். தகரம் சுட்டு வேர் வெந்துவிட்டது. பாசாரில், அதாவது சந்தையில், மீன் வரும் வெள்ளை நுரைப்பெட்டியில் இருந்தவை அசையவே இல்லை. இனி தகரம் வைத்தால் சாக்கு சுற்றி, செங்கல்மேல்தான். ஆறாவது, கங்கோங் என்கிற வள்ளைக்கீரை. அது தண்ணீர்க் குடியன், முதல் நாளே துவண்டது. அதற்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் கொடுத்தோம். கல்நெஞ்சம்தான், ஆனால் கங்கோங் நட விதைகூட வேண்டாம். பாசாரில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, கணுவோடு ஒரு சாண் தண்டை மண்ணில் குத்தினால் ஒரு மாதத்தில் அறுக்கலாம். காய் பிடித்த கத்தரியை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

அரிசியும் பருப்பும் களைந்த தண்ணீரை உப்பு போடாமல் எடுத்துவைத்து அன்றன்றே கொடுத்துவிட்ட வீட்டுக்காரம்மாக்கள், கிணற்றைத் திறந்துவிட்ட மக்சிக் (மலாய்க்கார அத்தை), மூடாக்குக்குத் தேங்காய் மட்டை கொண்டுவந்து போட்ட லோரிக்காரர், மீன் பெட்டிகளைச் சும்மா தந்த மீன்காரர், வெயிலில் நின்று வரிசை பார்த்த பள்ளிக் காவலர் ஐயா, எல்லாருக்கும் கும்பிடு.

மண்ணை இனி மாற்றிக் கலக்கப்போகிறோம். மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் என்பதுதான் இங்கே எல்லாரும் போடுகிற கணக்கு. அந்த மணலில் பாதியைக் குறைத்து, இரண்டு முறை ஊறவைத்து அலசிய தேங்காய்நார்த் தூள் சேர்ப்போம். அலசாத நாரில் உப்பும் கறையும் இருக்கும், நாற்று மஞ்சளாகிவிடும். வடிகால் துளையையும் அடியில் போடாமல், பக்கவாட்டில் இரண்டு விரல் உயரத்தில் போடுவோம். கீழே தண்ணீர் கொஞ்சம் தங்கும், ஒரு நாள் தவறினாலும் தாங்கும்.

அண்ணே, மாடியறையில் நீங்கள் நான்கு பேர் சமைத்துச் சாப்பிடுவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். பின்படிக்கட்டில் காலை வெயில் விழுகிற இடத்தில் ஒரு மீன் பெட்டி வைத்திருக்கிறோம், தண்டுக்கீரை. விதை போட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. இன்னும் பத்து நாளில், வேரோடு பிடுங்காமல் அடியிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள், மறுபடி துளிர்க்கும். தண்ணீர் உங்களிடமே இருக்கிறது.

பிள்ளைகளும் பெற்றோர்களும்,
சுங்கை சிப்புட்